இருபத்திநான்கு அட்டை விமானங்கள்

எங்கள் டச்சுக் கடற்படைக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னால் தேசத்துரோகம் என்பார்கள். என்றாலும் சொல்கிறேன். நாற்பத்தெட்டாம் வருஷம், ஹேக் தலைமையகத்தில், ஒரு கப்பலின் மேல்தளத்தில் எத்தனை விமானம் நிற்கும் என்று ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை இருபத்திநான்கு நின்றது. செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டுதான். புதன்கிழமை இருபத்திமூன்று என்று நான் சொன்னதும் கேப்டன் தெர் ஹோர்ஸ்ட் மேசை மேலிருந்த அட்டை விமானங்களை வாரித் தகர டப்பாவில் கொட்டினார்.

"என்னம்மா ஃபெம்கே, விமானம் குட்டி போடுதா?"

"குட்டி போட்டா கூடணுமே சார். இது கூடுது, குறையுது."

"எனக்குத் தலை சுத்துது. வெள்ளிக்கிழமை கமிட்டி. ஒரே ஒரு நம்பரச் சொல்லித் தொலை!"

என் தலை மட்டும் என்ன, நேராகவா நின்றது? அது இங்கிலாந்திடமிருந்து வாங்கப்போகும் கப்பல். அவர்கள் அனுப்பிய மேல்தள வரைபடத்தை விரித்து, விமானத்தின் வடிவில் வெட்டிய அட்டைகளை முன்பாதியில் நெருக்கி அடுக்குவது என் வேலை. பின்பாதி காலியாக இருக்க வேண்டும், விமானங்கள் அங்கேதான் வந்து இறங்கும்.

இருபத்திநான்கு நின்றால் மூன்றாவது அணிக்கும் கப்பலில் இடம் உண்டு. நிற்காவிட்டால் அணியைக் கலைத்து, விமானிகளை எங்கள் காலனியான ஜாவாவில் நடக்கும் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அணியில் என் தம்பி ஸீபே இருந்தான். ஏற்கெனவே ஒரு தடவை ஜாவா போய் வந்தவன். வந்ததிலிருந்து பட்டாணி சூப்பை முன்னால் வைத்தால் அது ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். என்னடா என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பான்.

வியாழக்கிழமை சாயங்காலம் டப்பாவைக் கொட்டி, அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கு நேராக நிற்கவில்லை. ஒரே ரக விமானம்தான், ஆனால் சில அட்டைகள் சுற்றிலும் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அட கடவுளே! இங்கிலீஷ்காரர்கள் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்று வரைகிறவர்கள். அப்படியென்றால் நிஜத்தில் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. நாங்கள் மீட்டர்காரர்கள், எல்லாவற்றையும் நூற்றில் ஒரு பங்காக வெட்டுவோம். அவர்கள் தளத்தின் மேல் எங்கள் சின்ன அட்டைகளை வைத்தால் நிறைய நிற்கத்தானே செய்யும்? அவர்கள் அனுப்பிய அட்டைகளும் நாங்கள் வெட்டியவையும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. கையில் எது எத்தனை வந்ததோ, அதுதான் அன்றைய கணக்கு.

உண்மைக் கணக்கு இருபத்திரண்டு. அதற்கு மேல் நிறுத்தினால் நிஜக் கப்பலில் இறங்கும் இடத்தை விமானங்கள் அடைத்துக்கொள்ளும். சொன்னால் ஸீபே ஜாவாவில். சொல்லாவிட்டால், நெரிசலான தளத்தில் கடைசியாக இறங்கப்போகிறவனும் அவனேதான். அன்றிரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். விடிந்தபோது, அவன் உயிரோடிருந்தால் போதும், எங்கே இருந்தால் என்ன என்று தோன்றியது.

கமிட்டியில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். விமானிகள் சார்பில் ஸீபேயும் வந்திருந்தான். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பெல்லமி புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடி சிரித்தார்.

"அடி, அங்குலத்துக்கு மாறிடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"நீங்க மீட்டருக்கு வாங்களேன்," என்றேன் எரிச்சலாக.

கேப்டன் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இதுல நிஜ விமானம் எது?"

"நிஜ விமானம் கொட்டகையில நிக்குது சார். கணக்குக்கு இங்கிலீஷ் அட்டைதான் சரி. இருபத்திரண்டு."

"அமைச்சர்கிட்ட திங்கட்கிழமையே இருபத்திநாலுன்னு சொல்லியாச்சேம்மா!" அவர் ஸீபேயின் பக்கம் திரும்பினார். "ஓட்டுறவன் நீ சொல்லப்பா. இறங்குற இடம் கொஞ்சம் குறைஞ்சா சமாளிப்பியா?"

ஸீபே என்னைப் பார்க்கவில்லை. "சமாளிப்பேன் சார்."

"பொய் சொல்றான்! வரைபடத்துல இறங்குறதுக்கு விட்டிருக்கிற இடமே பத்தலன்னு போன மாசம் எங்கிட்ட சொன்னவன் சார் இவன்!"

"ஃபெம்கே, ஓட்டப்போறது அவன்," என்றார் கேப்டன். அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதி தெரிந்தது. எல்லோரும் காப்பிக்கு எழுந்தார்கள்.

தாழ்வாரத்தில் ஸீபேயின் சட்டையைப் பிடித்தேன். "மடையா, செத்துப்போவடா! உன்னக் காப்பாத்தத்தானே இவ்வளவும் சொன்னேன்!"

அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "இங்க தப்பு நடந்தா நான் ஒருத்தன் போவேன்க்கா. அங்க ஜாவால நான் எல்லாத்தையும் சரியா செஞ்சேன். அதனாலதான் கீழ அத்தனை பேர் செத்தாங்க."

அவன் இவ்வளவு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து கேப்டன் கூப்பிட்டார். பாராளுமன்றத்துக்குப் போகும் படத்தில் அட்டைகளை ஒட்டித் தர வேண்டுமாம். உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்து, சின்ன அட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி, இருபத்திநான்கையும் ஒட்டினேன்.