சாந்தினியும் வருவாள்

சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த புனிதாவுக்கு நாத்தனார் தினேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. மறுநாள் தினேஸ்வரியின் மகன் தனேஷுக்குப் பிறந்தநாள். செமோர் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் கேக் வெட்டி, பிள்ளைகளைக் குளிக்க விடுவதாக ஏற்பாடு.

"நீங்க மூணு பேரும் காலையிலேயே வந்திடுங்க புனிதா."

"நாங்க நாலு பேரு அண்ணி."

தினேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "சாந்தினிய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாயேன்லா. போன வருசம் அவ கத்துன கத்துல மத்த பிள்ளைங்கல்லாம் மிரண்டு போச்சுங்க. தப்பா எடுத்துக்காத."

புனிதா போனை வைத்தாள்.

சாந்தினிக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. பிடித்ததைப் பார்த்துவிட்டால் தொண்டை கிழியக் கத்துவாள். அது அழுகையில்லை, சந்தோஷம் என்பது அவள் குட்டித் தம்பி கோகிலனுக்குக்கூடத் தெரியும். வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே, தனேஷின் போன பிறந்தநாளுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் சிலிபினில் இருந்த அவர்கள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன.

காலையில் சாந்தினிக்குக் குளியல் உடை மாட்டிவிடுவதைப் பார்த்த கணவன் சுகுமாரன் தயங்கினான். "அக்கா என்கிட்டயும் சொன்னாங்க..."

"இவ போகக்கூடாத எடத்துக்கு நான் எதுக்குங்க? வண்டிய எடுங்க."

அவன் சாவியை எடுத்தான்.

காரிலிருந்து நால்வரும் இறங்கியதைக் கண்டதும் தினேஸ்வரியின் முகம் சுருங்கியது. "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுகளை அடுக்கத் திரும்பிக்கொண்டாள். சாந்தினி அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் ஆற்றைப் பார்த்துவிட்டாள். கைகளை உதறி, எம்பி எம்பிக் குதித்து, கத்தினாள். கரையில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின.

பக்கத்துப் பாயில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். "ஏம்மா, பிள்ளைய கொஞ்சம் அடக்கும்மா. ஒரே சத்தம், பிசிங்கா இருக்கு. வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமதான் எங்களுக்கு."

"அவளுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமதான் அண்ணே."

சுகுமாரன் அவள் காதருகே குனிந்தான். "கொஞ்ச நேரம் கார்ல உக்கார வைக்கலாமே புனிதா."

புனிதா காரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை கடைகளிலிருந்து, எத்தனை கல்யாண மண்டபங்களிலிருந்து இந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடியிருக்கிறாள்! மகளின் கையைப் பிடித்தாள். உடுத்தியிருந்த சுடிதாரோடு ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இடுப்பில் ஏறியது. சாந்தினி மறுபடி கத்தினாள். புனிதாவும் வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, மகளைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

சாந்தினி ஒரு கணம் அம்மாவையே வியந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். கோகிலன் தொப்பென்று குதித்துத் தானும் கத்தினான். பிறந்தநாள் சட்டை நனைய தனேஷும் பாய்ந்து வந்தான்.

"தனேஷ்! மேல வாடா! கேக் வெட்டணும்!" தினேஸ்வரி கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்புறம்மா!"

அடக்கச் சொல்லி வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டித் தூரமாகப் போய்விட்டார். சுகுமாரன் கத்தவில்லை. கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கி, சாந்தினியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

தினேஸ்வரி அன்று முழுக்கப் புனிதாவிடம் பேசவில்லை. கேக் வெட்டியபோது புனிதாவே போய் ஒரு துண்டை எடுத்து மகளுக்கு ஊட்டிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

திரும்பும் வழியில் பிள்ளைகள் பின் இருக்கையில் தூங்கிவிட்டார்கள். "அக்கா இனிமே நம்மள கூப்பிட மாட்டாங்க" என்றான் சுகுமாரன்.

"கூப்பிடாட்டி போகட்டும். அடுத்த வாரம் நாமளே கம்பார் பக்கம் ஆத்துக்குப் போலாம்."

அவன் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தான். பிறகு சொன்னான், "மாத்துத் துணி எடுத்துக்க. எனக்கும்."