பன்னீர் அண்ணன் வழிவிடவில்லை

நாதியற்ற பிணத்தை அடக்கம் செய்த வீரனுக்கு அந்தப் பேயே துணை வந்ததாக எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. அந்த வீரனிடம் குதிரையும் வாளும் இருக்கும். வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில், விமலிடம் இருந்தது ஒரு ஹெல்மெட்.

எங்களோடு இருந்த பன்னீர்செல்வம் ஒரு டேங்குக்குள் இறங்கி வேலை செய்தபோது செத்தார். கம்பெனி மாரடைப்பு என்றது. பெட்டியை மூடும் முன் விமல்தான் வாய்க்கரிசி போட்டான். உறவு கிடையாது. ஊரில் என்றால் இவனை அவர் தெருவுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். போட வேண்டியது பச்சரிசி. கேம்ப் மெஸ்ஸில் புழுங்கலரிசிதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அதே டேங்கில் விமல் இறங்க வேண்டியிருந்தது. நான் அங்கே சேஃப்டி ஆபீசர். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள். சூப்பர்வைசர் விஜயபாஸ்கர் டேங்கின் வாயில் கேஸ் மீட்டரைக் காட்டிவிட்டு எடுத்தார்.

"ஜீரோ. இறங்குடா."

"சார், உள்ள இருக்குற விஷ கேஸ் கனம், அடியில தங்கும்," என்றேன். "மீட்டர் டியூபைக் கீழ வரைக்கும் விட்டுப் பாக்கணும்."

"ஏம்மா, படிச்சத எல்லாம் இங்கயே ஒப்பிக்கணுமா? ஷட்டவுன் வேலை நாளைக்குள்ள முடியணும். யல்லா, இறங்கு விமல்."

விமல் நகரவில்லை. "இறங்க எடமில்ல சார். பன்னீர் அண்ணன் வாசல்ல உக்காந்திருக்காரு. கால உள்ள தொங்கப் போட்டுக்கிட்டு."

சுற்றி நின்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். நான் காலையிலிருந்து கத்தியதற்கு ஒருவரும் ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பேயாம்," என்றார் விஜயபாஸ்கர். "டியூபை விடும்மா. பேய் இருந்தா மீட்டர்ல வரட்டும்."

விட்டேன். அடியைத் தொட்டதும் மீட்டர் அலறியது. விமல் இறங்கியிருந்தால் இன்னொரு மாரடைப்பு.

விஜயபாஸ்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேங்கின் வாயைப் பார்த்து, "சரி, எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றார்.

இப்போதெல்லாம் டியூபை அடிவரை விடுகிறார்கள். அதற்கு முன், "அண்ணே, எறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் மெஸ் வாசலில் விமலை நிறுத்தினேன்.

"நெஜமாவே பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"என்னதான் சொன்னாரு?"

"அடுத்த தடவயாச்சும் பச்சரிசி வாங்கி வைக்கச் சொன்னாரு."

அடுத்த தடவை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.