வலது பக்கத்து வைஸ்

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நந்தனத்துப் பழைய சாமான் கடையில் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய், ஹம்சா வாங்கி வந்த பழைய தச்சு மேசை அது. கீழ் வீட்டு டாக்டர் அதை ஆபரேஷன் டேபிள் என்றார். எதிர் ஃப்ளாட் சாருலதா, "மாமி, இது கசாப்புக்கடை மேஜை. ஆத்துக்குள்ள வைக்காதீங்கோ" என்று சொல்லி, வாசலோடு திரும்பிப் போனாள்.

கணவர் ஸ்ரீனிவாசராகவன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. மேசையைப் படமெடுத்து எட்டு வாட்ஸப் குழுக்களில் போட்டார். ஜெர்மனிச் சரக்கு என்று ஒரு வாரம், இங்கிலாந்துச் சரக்கு என்று ஒரு வாரம் சண்டை போட்டார். கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"உன்னை நன்னா ஏமாத்திட்டான். வைஸ் எப்பவும் இடது பக்கம்தான் இருக்கணும். எந்தப் படத்தை வேணா பாரு. இதுல வலது பக்கம் இருக்கு. உடைஞ்ச மேஜை ரெண்டை ஒண்ணாக்கி உன் தலையில கட்டியிருக்கான்."

இழைக்கும்போது பலகை நகராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் வைஸ். அது எந்தப் பக்கம் இருந்தால் இவருக்கென்ன? ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷர்!

ஆனால் ஹம்சாவால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமைதோறும் அடையாறில் தச்சு வகுப்புக்குப் போகிறாள். கோணல் இல்லாமல் ஒரே ஒரு மணை செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு மாதமாக எந்தப் பலகையை இழைத்தாலும் ஒரு முனை தடியாகவும் மறுமுனை அப்பளமாகவும் வந்து நிற்கிறது. மேசை ஒருவேளை சரியில்லையோ என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தவர், மறுநாளே கூடத்தைத் திருத்த ஆள் பிடித்துவிட்டார். டிரில் மிஷினோடு தச்சு வேலைக்காரன் யாசிர் வந்து நின்றான்.

"வைஸைக் கழட்டி இடது பக்கம் போட்டுடுப்பா. முன்பலகையில நாலு ஓட்டை புதுசாப் போடணும்."

"கொஞ்சம் பொறுங்கோன்னா. ஓட்டை போட்டா போட்டதுதான், அப்புறம் அழிக்க முடியாது. இது என்ன மேஜைன்னே நமக்கு இன்னும் தெரியலை."

"தெரிஞ்சுண்டு என்ன பண்ணப்போறே? மியூசியத்துலயா வைக்கப்போறே?"

யாசிர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தான்.

"சார், இத யாரும் மாத்தல. மாத்திருந்தா இடது பக்கம் பழைய ஓட்டை இருக்கணும்ல? ஒண்ணுகூட இல்ல. செஞ்ச அன்னிலேர்ந்து வைஸ் இங்கதான் கீது." வெளியே வந்து தலையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். "பீச்சாங்கைக்காரன் எவனோ தனக்குன்னு செஞ்சிக்கினது சார். இடது கையால இழைக்கிறவனுக்குத்தான் வைஸ் வலது பக்கம் வேணும். இன்னா வேலை தெரியுமா!"

"அப்படியா? நம்மாத்துல எல்லாருக்கும் சோத்துக்கைதான். மாத்திடு."

ஹம்சாவுக்குச் சுரீரென்றது. ஆறு வயது வரை அவளும் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டினாள். அம்மா அபயாம்பாள் தினமும் காலையில் அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவி அனுப்பினாள். பென்சில் அந்தக் கைக்குப் போனால் முட்டியில் ஸ்கேலால் அடி. மூன்றே மாதத்தில், குழந்தை திருந்திவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் போட்ட கோலம் கோணல், நறுக்கிய காய் கோணல், போர்டில் எழுதிய வரி கோணல். ஊரே சிரித்தது. கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். அதை நினைக்கத்தான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

யாசிர் டிரில்லை பிளக்கில் சொருகினான்.

"அதைப் பிடுங்குப்பா முதல்ல" என்றாள்.

பலகையை வைஸில் இறுக்கினாள். இழைப்புளியின் பின்பிடியை இடது கையால் பற்றிக்கொண்டு, வைஸை நோக்கித் தள்ளினாள். முதல் தடவை சிக்கியது. இரண்டாவது தடவை உதறியது. மூன்றாவது தடவை, இந்த முனையில் கிளம்பிய மரச்சுருள் அறுபடாமல் அந்த முனை வரை போய், சுருண்டு தரையில் விழுந்தது.

யாசிர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "யம்மா! ஒரே கனமா வந்துகீது."

ஸ்ரீனிவாசராகவன் சுருளைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இடது கைப் பழக்கமா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே?"

"எனக்கே மறந்துபோச்சுன்னா." அவள் இழைப்புளியை மேசைமேல் வைத்தாள். "என்னைத்தான் ஆறு வயசுலயே மாத்திப் போட்டுட்டா. இதையாவது விட்டு வைங்கோ."

யாசிர் டிரில்லின் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான்.