அம்மனுக்கு முதல் கியர்

திருவிழா நாளன்று காலையில் ரப்பர் தோட்டமே தலைக்குக் குளித்துக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ரதியின் புருஷன் திருச்செல்வம் மட்டும் லோங்காங்குக்குள் மல்லாந்து படுத்திருந்தான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அன்று தீச்சட்டி எடுக்கிறவன் அவன். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் பல்லில் பட்டிருக்கவில்லை. லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் வண்டிக்கு அடியில் வேலை பார்ப்பதென்றால் இதுதான் வழி. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடும் சிமெண்டுச் சாக்கடைக்குத்தான் லோங்காங் என்று பெயர். மழை இல்லாவிட்டால் எலும்பாய்க் காய்ந்து கிடக்கும். இரண்டு கரையிலும் சக்கரம் பதிய வண்டியை நிறுத்தி, உள்ளே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்துக்கொண்டால் ஜாக்கியும் வேண்டாம், வண்டி சாயுமோ என்ற பயமும் வேண்டாம்.

வண்டி, அவர்களுடைய பழைய வெள்ளை சாகா கார். வேலை, கியர் எண்ணெய் மாற்றுவது. மாலைக்குள் அது முடிந்தே ஆக வேண்டும்.

ஏனென்றால் அன்று மாலை அம்மன் ரதத்தை இழுக்கப்போவது அந்த சாகாதான், ஓட்டப்போவது ரதி. முன்பெல்லாம் தோட்டத்து டிராக்டர் இழுக்கும். அது கான்டிராக்டர் கைக்குப் போனபிறகு சாமி காரியத்துக்கு வருவதில்லை. ஆட்டோ கியர் கார்கள் ஊர்வலத்துக்கு லாயக்கில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பாயும், வைத்தால் குலுங்கும், மேலே அம்மன் கிரீடம் ஒரு பக்கம் சாயும். கையால் கியர் போடும் வண்டிதான் முதல் கியரில் சாமி நடைக்கு நடக்கும். லயத்தில் அப்படி மிச்சமிருந்தது சாகா ஒன்றுதான். வழக்கமாக ஓட்டும் திருச்செல்வம் இந்த வருஷம் தீச்சட்டிக்கு வேண்டிக்கொண்டுவிட்டதால் ரதி துணிந்து கேட்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து தாம்பாளம் ஏந்தி ரதத்துக்குப் பின்னாலேயே நடந்தவள் அவள். ஒரே ஒரு முறை அம்மனுக்கு முன்னால் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசையில் தப்பென்ன இருக்கிறது?

கோயில் தலைவர் ராமசாமி, முன்பு தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த மண்டோர். எதையும் நிபந்தனையில்லாமல் கொடுத்துப் பழக்கமில்லாதவர்.

“ஓட்டும்மா, வேணாங்கல. ஆனா உன் கையில அந்தக் கரெட்டா கியர் போடறப்ப பன்னிய அறுக்கிற மாதிரி கத்துது. சாயங்காலம் மோளத்த நிறுத்திட்டு நானே நின்னு கேப்பேன். கத்துச்சுன்னா வசந்தனோட ஆட்டோ கியர் வேன்தான் இழுக்கும். அம்மன் குலுங்கினாலும் பரவால்ல, ஊர் சிரிக்கக்கூடாது.”

கரெட்டா என்றால் கார். அது கத்துகிற விஷயம் உண்மைதான். அதற்குக் காரணம் அவள் கிளட்சை ஒழுங்காக மிதிக்காததுதான் என்று திருச்செல்வம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பழகிய கை என்பதால் அவன் போடும்போது சத்தம் அவ்வளவாக வராது. ரதியும் அதை நம்பி வருஷக்கணக்காகத் தன் இடது காலையே நொந்துகொண்டிருந்தாள்.

முந்தின நாள் ரெம்பாவில் எண்ணெய் விற்ற லியாக்கத் அலி பாய்தான் அவளுக்கு வழி சொன்னார். “தங்கச்சி, எண்ணெய் ஊத்துற நட்ட மொதல்ல கழட்டிப் பாருங்க. அது வந்தாத்தான் வடிக்கிற நட்டுல கை வைக்கணும். மாத்திச் செஞ்சீங்கன்னா எல்லாம் வடிஞ்சிரும், ஊத்த வழியிருக்காது.” ரதி அதை அப்படியே வந்து ஒப்பித்தாள். திருச்செல்வத்தின் முகம் ஏனோ ஒரு மாதிரி ஆனது.

“தீச்சட்டி எடுக்கிற ஆளு லோங்காங்கில படுக்கலாமாங்க? நீங்க ஸ்பேனர எடுத்துக் குடுங்க, நான் எறங்குறேன்” என்றாள் காலையில்.

“வேணாம்லா ரதி. உனக்கெதுக்கு இந்த அழுக்கு? நான் அப்புறமா குளிச்சுக்குறேன்.”

தன் மேல் இவ்வளவு அன்பா என்று ரதிக்குக் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போயிற்று.

கீழேயிருந்து ‘கொளக்’ என்று சத்தம் வந்தது. எண்ணெய் பேசினில் விழுந்தது. பேசின் நிறையும் என்று பார்த்தால் அடி மறைந்ததோடு நின்றுவிட்டது. கரியாய்க் கறுத்து, உள்ளே வெள்ளித்தூள் மினுங்கியது.

“இவ்ளோதானா? ஏங்க, மேல் நட்டக் கழட்டிட்டீங்கள்ல?”

கீழே ஸ்பேனர் மட்டும் எதிலோ உரசியது.

“ஏங்க!”

“அது… இறுகிப்போச்சு ரதி. வரமாட்டேங்குது.”

இருந்த எண்ணெயும் வடிந்தாயிற்று. ஊற்ற வழியில்லை. வண்டி இனி லோங்காங்கை விட்டு நகராது. கோயில் பக்கம் உறுமி மேளக்காரர்கள் தட்டிப் பார்க்கும் சத்தம் வேறு கேட்டது. வசந்தனின் வேனில் மாலை தொங்குவதும், தான் மறுபடி தாம்பாளத்தோடு பின்னால் நடப்பதும் ரதியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. “தள்ளுங்க, நானே பாக்குறேன்” என்று அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். தடுக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கியர் பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தடவினாள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் மெத்தென்று ஏதோ இருந்தது. அழுத்தினாள், அமுங்கியது. முகர்ந்து பார்த்தாள். பால்மரக்காட்டில் பிறந்த மூக்குக்கு அந்த நாற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஒட்டுப்பாலா?”

அதைச் சொல்லியாக வேண்டும். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவன் எந்த ஓட்டையைக் கண்டாலும் ஒட்டுப்பாலை உருட்டித்தான் அடைப்பான். மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர் அது. கூரை ஒழுகினாலும் அதுதான், வாளி ஓட்டையானாலும் அதுதான். திருச்செல்வம் ஒரு படி மேலே போய்க் கியர் பெட்டியையே அடைத்திருந்தான்.

“போன தடவ எண்ணெய் மாத்துனப்ப நட்டு தொலஞ்சிருச்சு ரதி” என்றான், லோங்காங் சுவரைப் பார்த்துக்கொண்டு. “ரெண்டு நாளைக்குன்னு வச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. இன்னிக்கு வடிச்சப்புறம் பிடுங்கிரலாம்னு நெனச்சேன். நல்லாத்தானே ஓடுச்சு…”

“நல்லா ஓடுச்சா? கொஞ்சங்கொஞ்சமா எண்ணெய் கசிஞ்சு, அதனாலதான் கியர் கத்தியிருக்கு! என் காலுலயாங்க கோளாறு?”

கோபம் வரத்தான் செய்தது. கையில் அகப்பட்ட அட்டையால் தோளில் இரண்டு சாத்தும் சாத்தினாள். ஆனால் மூன்றாவது அடிக்குக் கை ஓங்கும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன் கால் ஒழுங்கான கால்தான்! அதைவிட நல்ல செய்தியை அன்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

சரி, அதை எடுப்பது எப்படி? எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பிப் போயிருந்தது. இடுக்கிக்குப் பிடி கிடைக்கவில்லை. குத்தி உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் விழுந்து பல் சக்கரத்தில் சிக்கும், அதோடு சாகாவின் கதை முடிந்தது. ரதி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று வீட்டு வாசலுக்குப் போய் முக்காலி போட்டு ஏறினாள். நிலையில் மாவிலைத் தோரணம் கட்டுகிற திருகுக் கொக்கி ஒன்று இருந்தது. அதைத் திருகிக் கழற்றும்போது மூக்கில் ஏதோ இடித்தது. கூரைக்கு அடியில் செருகியிருந்த திருச்செல்வத்தின் தூண்டில் அது. லிங்கி ஆற்றில் இறால் பிடிக்கப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையானால் தூக்கிக்கொண்டு ஓடுவானே, அதே தூண்டில். நரம்பின் நுனியில் பாரத்துக்காக ஒரு கனத்த இரும்பு தொங்கியது. தலை தடியாக, உடம்பெல்லாம் மரையாக.

ரதி அதை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

லோங்காங்கில் இறங்கிக் கொக்கியை ரப்பரில் மெல்லத் திருகினாள். அது நன்றாகக் கடித்துக்கொண்டதும் இருவரும் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். ‘பொளக்’ என்று அடைப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. இருவரும் அட்டையில் மல்லாந்தார்கள்.

“வந்து என்ன பண்றது?” என்றான் திருச்செல்வம் சோர்ந்துபோய். “மூடுறதுக்கு நட்டு வேணுமே. நல்ல நாளும் அதுவுமா எந்தக் கடை தொறந்திருக்கும்? என் புத்திய…”

ரதி முந்தானையை அவிழ்த்து அதை அவன் கண்ணுக்கு நேராக ஆட்டிக் காட்டினாள்.

அவன் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். “அட, இதுவா அது? ஏதோ பாரமா கெடந்துச்சுன்னு கட்டிட்டேன்லா” என்றான். இறால் அத்தனையும் கியர் பெட்டியின் தயவில் வந்திருக்கிறது!

கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தபோது மரை பழுதில்லாமல் இருந்தது. கீழ் நட்டை முதலில் இறுக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, புனலில் ரப்பர் குழாயை மாட்டி மேலேயிருந்து ரதி ஊற்றினாள். தேன் நிறத்தில் எண்ணெய் இறங்கியது. “வருது… வருது… வழியுது, போதும்!” என்று கீழேயிருந்து அவன் கத்தி, தூண்டில் நட்டைத் திருகி இறுக்கியபோது அவள் மனசும் நிறைந்திருந்தது.

மாலையில் சாகாவின் முன்னால் வேப்பிலை கட்டியிருந்தது, பின்னால் ரதம் பூட்டியிருந்தது. தீச்சட்டியை ஏந்தி நின்ற திருச்செல்வம் ராமசாமியிடம் வலியப் போய், “மாமா, அவ கால்ல ஒரு கோளாறும் இல்ல. தப்பு என்னோடது” என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். கையில் நெருப்பை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது அல்லவா! வசந்தனின் வேனும் மாலை போட்டுக்கொண்டு ஓரமாகக் காத்திருந்தது. ரதி முந்தானையால் ஸ்டீயரிங்கை ஒரு முறை துடைத்துக்கொண்டாள்.

ராமசாமி சொன்னபடியே கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். அவர் கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, “ம், போடும்மா” என்றார்.

ரதி கிளட்சை மிதித்தாள். ஒழுங்கான காலால் மிதித்தாள். கியர் தயிரில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. காலை மெல்ல மெல்ல விட்டாள்.

ராமசாமி கேட்டுக்கொண்டே நின்றார். இன்னும் கேட்டார். “போடும்மா, ஏன் நிக்கிற?” என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்தில் எங்கோ ரதத்துச் சலங்கை கிணுகிணுத்தது. கண்ணைத் திறந்தார். முன்னால் கார் இல்லை. அம்மன்தான் இருந்தாள், அசைந்து அசைந்து அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

கை தானாகக் குவிந்தது அவருக்கு. மறுகணம், “என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடிங்கடா மோளத்த!” என்று கத்தினார்.

உறுமி எழுந்தது. ரதி கண்ணாடியில் பார்த்தாள். அம்மன் கிரீடம் சாயாமல் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.