புயல்ராசாவின் லேஞ்சி

"அப்பா கடைசியாச் சொன்னவரோ?" என்று அம்மா கேட்டாள்.

கிறிஸ்ரி சவப்பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே நிறம்தானா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"என்னத்தை அம்மா?"

"இயேசு, மரி, சூசை."

சாகிறவரின் காதில் மூன்று பெயரையும் சொல்ல வேண்டும். அவரும் திருப்பிச் சொன்னால்தான் அம்மாவுக்கு அது நல்ல மரணம். நேற்றுப் பின்னேரம் அம்மாவும் தங்கச்சி ஜெயனியும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவன் கிறிஸ்ரி. அவனோ படம் காட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா அமிர்தநாயகத்துக்கு எழுபத்தொரு வயது, பழுதான இருதயம். சின்ன வயதில், அக்கரையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், அதில் வந்திறங்கிய புயல்ராசா படக்கதைகளைச் சேர்த்து, பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்த இடமெல்லாம் சட்டிபானையை விட்டுவிட்டுத் தூக்கித் திரிந்தவர். புயல்ராசா சட்டைப்பையில் வைக்கிற வெள்ளை லேஞ்சி ஒன்றால் மூக்கையும் வாயையும் கட்டியிருப்பான். கண் மட்டும் தெரியும். நூற்றிப்பத்துப் புத்தகத்திலும் அவன் அதை அவிழ்த்ததில்லை. எப்படிச் சாப்பிட்டானோ தெரியாது.

அது படமாக வருகிறதென்று அப்பா ஆறு வருடம் காத்திருந்தார். வந்த படத்தைக் கிறிஸ்ரி போனில் போட்டு அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். லேஞ்சியைக் காணவில்லை. ரப்பர் நெஞ்சு ஒன்று இருந்தது. பத்தாவது நிமிடம் புயல்ராசா முழு முகத்தோடு அழுதான். பிறகு ஆடினான்.

"ஆரடா இவன்?"

"புயல்ராசா, அப்பா."

"விசர்க்கதை கதையாதை. நிப்பாட்டு."

இனி நல்லாய் வரும் என்று கிறிஸ்ரி கொஞ்சம் தள்ளி ஓடவிட்டான். "இஞ்ச பாருங்கோப்பா, கப்பலையே தூக்கிறான்" என்று திரும்பியபோது அப்பா போய்விட்டிருந்தார். திரையில் கப்பல் இன்னும் கீழே வரவில்லை.

மாரடைப்பு என்று டொக்டர் எழுதினார். கிறிஸ்ரிக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

"ஓம், சொன்னவர்" என்றான் இப்போது.

"எத்தினை தரம்?"

"மூண்டு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மனுசன் ஒரு கதையை ரெண்டாந்தரம் சொல்லாது."

அவன் மறுபடி காலுறையை இழுத்தான். நிறம் வேறுதான்.

"பங்குச் சுவாமி வந்திட்டார், பெட்டி மூடமுன்னம் முகத்தை மூடுங்கோ" என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். அம்மா மடித்த வெள்ளை லேஞ்சி ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"நீதானே பக்கத்தில இருந்தனீ. நீ மூடு."

நெற்றியிலிருந்து நாடிவரை மூடினான். பின்னால் ஜெயனி குழறி அழுதாள்.

அம்மா அவனை விலக்கிவிட்டுக் குனிந்தாள். லேஞ்சியைக் கண்ணுக்குக் கீழே மெல்ல இறக்கினாள். இரண்டு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் செருகினாள். சற்று எட்டி நின்று பார்த்து, இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"இப்ப பெட்டியை மூடுங்கோ" என்றாள்.