முன்தண்டு ஜோடி

அச்சுத் ரக்பி ஆடுகிறான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்திய அணியோடு கொழும்புக்குப் போகிறான் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள் நாங்கள். ஒரே உயரக்காரர்களைத்தான் ஜோடியாகத் தண்டுக்குக் கீழே நிறுத்துவார்கள். ஒரு விரல் கூடினாலும் வாகனம் சாயும். நானும் அச்சுதும் ஆறடிக்கு மேல். பதினோரு வருஷமாக முன்தண்டில் அவன் வலம், நான் இடம். கடல் தாண்டியவன் தண்டைத் தொடக்கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. அவன் போனால் எனக்கும் இடம் போச்சு. என் உயரத்துக்கு இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

"முட்டை மாதிரி ஒரு பந்துக்காகப் பெருமாள விட்டுட்டுப் போவியா?" என்று கேட்டேன்.

"அங்கயும் தோள்தான் யதி. ஒரே உயரத்துல ரெண்டு பேர் கோத்துக்கினு முட்டித் தள்ளணும்."

"இன்னொருத்தன் யாரு?"

"பஞ்சாப்காரன்பா."

அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

"ராமரே இலங்கைக்குப் போனவர்தானே? வரும்போது விமானத்துலதான் வந்தாரு" என்றான்.

"அவரு யாருக்கும் தண்டு தூக்கல. போ. ஆனா திரும்பி வந்து என் பக்கத்துல நிக்காதே."

போனான். இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோல்வி. கருட சேவைக்கு நாலு நாள் முன்னால், காதெல்லாம் சிராய்ப்போடு வந்து சேர்ந்தான்.

குழுத் தலைவர் இளங்கோவன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மெட்ராஸ்லதான் ஆடினான்னு ஒரு வார்த்த சொல்லிடு யதிராஜா. நான் மேல கேக்க மாட்டேன். எனக்கு ஆள் வேணும்."

அச்சுத் தலையைக் குனிந்துகொண்டான். "யதி சொல்றதுதான்" என்றான்.

ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் இரண்டு தோளும் பிழைத்திருக்கும். ஆனால் சொன்னால் அவன் போகவே இல்லை என்று ஆகிவிடும். இந்திய அணியின் அந்த நீலச் சட்டையை அவன் பெட்டியிலேயே வைத்துப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு மனசு வரவில்லை.

"போனான். இந்தியாவுக்காக ஆடப் போனான்" என்றேன். என் குரலில் கோபம் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

கருட சேவை அன்று விடியற்காலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். அவன் நீலச் சட்டை போட்டிருந்தான். கோபுர வாசலில் குடை தெரிந்தது. எங்கள் இடத்தில் குள்ளமான இரண்டு பேர், தோளில் துண்டை நாலாக மடித்து வைத்துத் தாங்கினார்கள். வாகனம் லேசாக முன்னால் சாய்ந்தது. எங்கள் தோள்கள் தாமாகவே உயர்ந்தன.

அப்புறம் பெருமாள் எங்களுக்கு நேரே வந்து நின்றார். சுமக்கிறவனுக்குத் தரைதான் தெரியும். பதினோரு வருஷத்தில் கருடன் மேல் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

"யதி, இவரத்தானா நாம தூக்கினோம்?" என்றான் அச்சுத்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.