திருப்பிக் கொடுக்கப் போன பேராசிரியர்

மக்கள் ஏன் தேவையில்லாததை வாங்கிக் குவிக்கிறார்கள் என்று முப்பது வருடம் ஆராய்ந்து ஏழு புத்தகம் எழுதிய மார்க்கெட்டிங் பேராசிரியர், கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். வீட்டில் அது நான்காவது.

"இதைத் திருப்பிக் கொடுக்கலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல.

கடைப் பெண் நாற்காலி போட்டாள். "தாராளமா எடுத்துக்கிறோம் சார். அதுக்கு முன்னாடி இந்தப் புது மாடலைத் தொட்டு மட்டும் பாருங்க. விலை வந்து..."

பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. அது அவருடைய மூன்றாவது புத்தகத்தில் உள்ள வித்தை. அதையும் அவள் அரைகுறையாகப் படித்திருக்கிறாள்.

"தப்பும்மா. தொட்டதும் விலையைச் சொல்லாதே. பத்து எண்ணு. அதுக்குள்ள ஆளு அது தன்னோடதுன்னே நெனச்சிடுவான்."

"அப்படியா சார்? அப்ப மறுபடி தொடுங்க."

தொட்டார். அவள் ஏழு எண்ணும்போதே பர்ஸை எடுத்துவிட்டார். அவருடைய ஆராய்ச்சியில் சராசரி எட்டு.

பழையதைக் கொடுக்கவே மறந்து, இரண்டு இயந்திரங்களோடு வந்து இறங்கியவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய், துணி அடுக்கப் பெட்டியைத் தேடினாள். மலையாகக் கிடந்த சாமான்களுக்குள் பெட்டி அகப்படவில்லை. மதியம்வரை தேடிவிட்டு வந்தாள்.

"போய் ஒரு பெட்டி வாங்கிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு."

பேராசிரியர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீயே போய் வாங்கிக்கோயேன். நான் போனா ஒண்ணோட வரமாட்டேன்."